இணைய இணைப்பின் வேகத்தை அளந்தறிதல்

பம்பு செட்டு வாங்கிய விவசாயி, அது நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் இறைக்கிறது என்பதை ஒரு டிரம்மை நிரப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். வீட்டிற்கோ பஞ்சாயத்து அலுவலகத்திற்கோ இணைய இணைப்புப் பெற்று மாதந்தோறும் பணம் கட்டுவோரில் அவ்வாறு அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே. இணைப்பு மந்தமாக உள்ளதென்று முறையிட்டால், தம் பக்கம் எல்லாம் சரியே என்று கம்பெனியார் கூறிவிடுவர். கையில் கணக்கிருந்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

முதலில் அளவையை அறிதல் வேண்டும். கம்பெனியார் கூறும் வேகம் விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது. நாம் இறக்கும் கோப்பின் அளவோ மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 100 மெகாபைட் கோப்பு இறங்க 20 விநாடியாவது ஆகும். இதில் மோசடி ஏதுமில்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு செய்த அறிவிப்பின்படி, விநாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் இறக்கும் வேகம் இருந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர்.

சோதிப்பதற்கு இணையத்தில் இலவசத் தளங்கள் பல உள்ளன. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ல் வெளியிட்ட 'மைஸ்பீட்' செயலியும் உண்டு. கைப்பேசியில் சோதிப்போர் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வைஃபையை மட்டும் வைத்துக்கொள்க. இல்லையேல் சிம் கார்டின் வேகத்தை அளந்தவராவோம்! வீட்டில் டெலிவிஷனோ பிற கைப்பேசிகளோ அவ்வேளை இணையத்தைப் பயன்படுத்தலாகாது.

பழுது எங்கே என்று காண்பதே முக்கியம். ரௌட்டர் பெட்டியிலிருந்து கம்பி வழியாகக் கணினியை இணைத்து ஒருமுறையும், வைஃபையில் ஒருமுறையும் சோதிக்க வேண்டும். கம்பியில் முழு வேகமும் வைஃபையில் பாதியும் வந்தால் குறை வீட்டுக்குள்தான். கான்கிரீட் சுவருக்கு அப்பாலுள்ள பெட்டியை இடம் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். கம்பியிலும் குறைந்தால்தான் கம்பெனியாரைக் கேட்கலாம்.

எல்லோரும் மடை திறக்கும் நேரத்தில் கடைமடைக்குத் தண்ணீர் குறைவதைப் போல, இரவு 8 மணிக்கு வேகம் இறங்கும். எனவே காலையிலும் இரவிலுமாக மூன்று நாள் சோதித்து, தேதி, நேரத்துடன் நோட்டில் குறித்துவைத்தல் நலம். இறக்கும் வேகத்தை மட்டும் பார்த்தல் போதாது. பணிப் புகைப்படங்களை அனுப்பும் பஞ்சாயத்துக்கு ஏற்றும் வேகமே முக்கியம்.

புகார் செய்யும்போது புகார் எண்ணைத் தவறாது கேட்டு வாங்குக. தீர்வு திருப்தியில்லையெனில் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் ஆணையம் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை. அங்கே மனுப் போட்டுக் காத்திருப்பது காலவிரயம்.