புரட்டாதிக் குறிப்பு: லில்லிச் சாடிகளை இப்போது திறவுங்கள்

கச்சான் காற்று ஓய்ந்துவருகிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன. திருகோணமலையில் கார்த்திகைப்பூவைச் சாடியில் வளர்ப்பவர்களுக்கு ஆண்டிலேயே முக்கியமான நாட்கள் இவைதான். மாசியில் கொடி காய்ந்ததும் செத்துவிட்டதென்று சாடியை வேலியோரம் ஒதுக்கியிருப்பீர்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கும்.

நமது பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்குக் கிட்ட நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களிலேயே கொட்டிவிடும். யூனில் விழுவது பேருக்குத்தான். செங்காந்தளான கார்த்திகைப்பூ இந்த ஒழுங்குக்குப் பழகிய செடி. மழையில் கொடியேறிப் பூத்து, வெயிலில் கிழங்காக அடங்கிவிடும். ஆடி வெயிலில் சாகும் கிழங்குகளைவிடக் கார்த்திகை மழையில் அழுகிச் சாகும் கிழங்குகளே அதிகம் என்பது என் முடிவு. இப்போது செய்யும் வேலையெல்லாம் அந்த அழுகலைத் தடுக்கத்தான்.

கையுறை போட்டுக்கொண்டு, சாடியை ஒரு சாக்கின்மேல் சரித்து, மண்ணை மெல்ல உதிருங்கள். போன வருடம் நட்ட கிழங்கு சுருங்கி வெறும் தோலாகக் கிடக்கும். அதன் இடத்தில் புதுக் கிழங்கு ஒன்று, கலப்பைபோல இரண்டு கையாகக் கவைத்து விளைந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு நீங்கள் காப்பாற்றுவது பழைய கிழங்கையல்ல, அது விட்டுப்போன பிள்ளையைத்தான். முளை வருவது கையின் நுனியில் மட்டும். அந்த நுனி முறிந்தால் அந்தக் கையால் பயனில்லை. ஆகவே மண்வெட்டியோ கரண்டியோ வேண்டாம், விரலே போதும். அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருப்பதை எடுங்கள், கொழகொழத்ததை விடுங்கள்.

மண் கலவையில் பாதி ஆற்றுமணல் இருக்கட்டும். மீதியில் நன்றாக மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் சேருங்கள். கடற்கரை மணலைத் தொடாதீர்கள், உப்பு கிழங்கைக் கொன்றுவிடும். ஓரடி ஆழமும் அகலமும் உள்ள சாடி வேண்டும், அடியில் துளை அடைபடாமல் ஓட்டுத் துண்டுகள் போடுங்கள். கிழங்கைப் படுக்கவைத்து, மேலே நாலு விரல் மண் மூடினால் போதும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் கொடி இது. முளை தெரிவதற்கு முன்பே மெல்லிய கம்புகளை ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். புரட்டாதியில் நட்டது பெரும்பாலும் கார்த்திகையில் பூக்கும்.

முளை வெளியே வரும்வரை மண் ஈரமாயிருந்தால் போதும், தண்ணீர் ஊற்றி நிறைக்க வேண்டாம். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரக் கிணறுகள் கோடை முடிவில் உவர்ப்பது உங்களுக்குத் தெரியும். வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. தமிழ்நாட்டில் மூலனூர், வேடசந்தூர்ப் பக்கம் இதைக் கண்வலிக் கிழங்கு என்று வயல்வயலாகப் பயிரிடுவது விதைக்காகத்தான். அதிலுள்ள கொல்கிசின் கவுட் எனும் மூட்டுநோய்க்கு மருந்து. அளவு மிஞ்சினால் அதுவே ஆளைக் கொல்லும். வத்தாளங்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்றவர்கள் இலங்கையில் உண்டு. எடுத்த கிழங்கைக் குசினிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கும் ஆடு மாட்டுக்கும் எட்டாமல் வையுங்கள். யாராவது கடித்துவிட்டால், வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மற்ற லில்லிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. மழை லில்லி சாடியில் நெருங்கிவிட்டிருந்தால் இப்போதே பிரித்து நடுங்கள், முதல் மழை பெய்த சில நாட்களில் பூத்துவிடும். அமரிலிஸை இப்போது கிளறாதீர்கள், மழைக்காலம் அது இலைவிட்டுக் குமிழைப் பெருக்கும் காலம். தையில் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சித்திரையை அண்டிப் பூக்கும். கடலுக்கு முகம் பார்த்த வீட்டுக்காரர் சிலந்தி லில்லி வைக்கலாம், உப்புக் காற்றைத் தாங்கும். கொழும்பில் பூக்கடையில் வாங்கிவரும் பெரிய வாசனை லில்லி மட்டும் இங்கே மறுவருடம் பூக்கும் என்று நம்பாதீர்கள். அதன் குமிழுக்குப் பல கிழமை கடுங்குளிர் வேண்டும். நமக்கோ மார்கழி இரவுகூடப் புழுக்கம்தான். ஒருமுறை பூத்ததைப் பார்த்து மகிழுங்கள், அதோடு விடுங்கள்.

அடைமழை தொடங்கியதும் சாடிக்கு அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள். கிழங்கு அழுகாமலிருக்க மட்டுமல்ல. 2017 இல் கிண்ணியாவை டெங்கு என்ன பாடு படுத்தியது என்பதை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. தட்டில் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் நுளம்புக்குப் போதும். சாடியைச் செங்கல் இரண்டின்மேல் உயர்த்தி வைத்தால் நீர் ஓடிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் கம்போடு சேர்த்துச் சாடியை விறாந்தைக்குள் இழுத்துவிடுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியது, சரியாகக் காந்தள் பூக்கும் பருவத்தில்.

மழை விட்ட காலைகளில் இலையின் அடியைப் பாருங்கள். கறுப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளியிட்ட புழுக்கள் கூட்டமாக வந்தால் சில நாட்களில் கொடியை மொட்டையாக்கிவிடும். கையுறையோடு பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவதே நல்லது, மருந்தடிக்கத் தேவையில்லை.

பூத்து முடிந்த கொடியைப் பச்சையாக இருக்கும்போது வெட்டாதீர்கள், அடுத்த வருடக் கிழங்கு அந்த இலைகளால்தான் விளைகிறது. தை, மாசியில் தானாக மஞ்சளித்ததும் தண்ணீரை நிறுத்தி, சாடியில் பெயரையும் ‘நஞ்சு’ என்ற எச்சரிக்கையையும் எழுதி, மழை படாத இறவாரத்தின் கீழ் வையுங்கள். அடுத்த புரட்டாதிவரை அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.