சவர்க்காரம் வாங்கும் தாயும் வரி கட்டுகிறாள்



வரி என்றால் கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர்களின் கவலை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். புதுக்குடியிருப்பில் கூலிக்குப் போகும் ஒரு தாய் கடையில் சவர்க்காரம் வாங்கினால் அந்தக் கணமே அவளும் வரி கட்டிவிடுகிறாள். விலைக்குள் மறைந்திருப்பதால் அது தெரிவதில்லை. பெறுமதி சேர் வரி, அதாவது 'வற்', 2022 தொடக்கத்தில் நூற்றுக்கு 8. அவ்வாண்டிலேயே 12 ஆகி, பின் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. அத்தோடு டீசலுக்கும் சமையல் வாயுவுக்கும் இருந்த விலக்கும் போயிற்று. இரணைமடுவின் கீழ் உழவு இயந்திரம் இறக்கும் கமக்காரனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தாயின் மாத வருமானம் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வற் உள்ள பொருட்களுக்கு அவள் 5,900 ரூபா கொடுத்தால் அதில் 900 ரூபா வரி. வருமானத்தில் நூற்றுக்கு நாலரை. மாதம் 4 இலட்சம் உழைப்பவர் அவளைப்போல் பத்து மடங்கு வாங்கினாலும் அவர் கொடுப்பது 9,000, நூற்றுக்கு இரண்டேகால். அவர் வருமான வரியும் கட்டுகிறார், உண்மைதான். ஆனால் அவருடைய 9,000 மிச்சத்திலிருந்து போகிறது. இவளுடைய 900 பிள்ளைகளின் சோற்றிலிருந்து போகிறது.

2025 ஏப்ரலில் வருமான வரி விலக்கு எல்லை மாதம் 1 இலட்சத்திலிருந்து 1½ இலட்சமாக உயர்ந்தது. நல்லதே. ஆயினும் அந்தத் தாய்க்கு அதனால் ஒரு சதமும் மிச்சமில்லை. அவளுடைய சுமை கடையில்தான் குறையவேண்டும். அதே மாதம் உள்நாட்டுப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற் நீக்கப்பட்டதே அவ்வழியில் சரியான அடி.

வரியைக் குறைத்தால் மட்டும் போதுமா? 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டது. அரசு வருமானத்தை இழந்தது; நமது தேநீர்க் கோப்பைக்கோ அந்தப் பலன் வந்து சேரவில்லை. 2023 நவம்பரில் வரி மறுபடி 50 ரூபாவாயிற்று. விட்டுக்கொடுத்த வரி யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதும் அரசின் கடமையே.

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட 'மாத்தர் எத் மஜிஸ்த்ரா' சுற்றுமடலில், வரிச்சுமை அவரவர் தாங்கும் சக்திக்கு ஏற்ப அமையவேண்டும் என்று போதித்தார். அதுவும் வேளாண்மை பற்றிய பகுதியில்! கமக்காரனின் வருமானம் பிந்தி வருவது, ஆபத்துக்களுக்கு உட்பட்டது என்பதை அவர் மறக்கவில்லை. நியாயமான வரியை ஏய்ப்பவர்களை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் கண்டித்தது. வசதியுள்ளவன் ஏய்த்த வரி சவர்க்காரத்தின் விலையிலேயே வந்து விழுகிறது.

இன்னொன்று. நம் முதியோர் பலர் சிறு தொகையை வங்கியில் நிலையான வைப்பாக வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் கழிக்கும் வரி நூற்றுக்கு 5இலிருந்து 10 ஆயிற்று. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த வரியைக் கழிக்கமாட்டார்கள். இதை அறியாமல் பணத்தை இழப்பவர்கள் உங்கள் அயலிலும் இருக்கலாம். பங்கிலுள்ள இளைஞர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவர்களுக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாமே.