கதவு திறந்த பிறகு

வானூர்,
ஆவணி மாதக் கடைசி.

சிரஞ்சீவி மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதத்தை நிதானமாக வாசித்தேன். சென்னையிலிருந்து காவியுடுத்திச் சிறு தேர் இழுத்துக்கொண்டு வந்த, முன்பின் அறியாத ஒரு கூட்டத்தோடு மரக்காணத்தில் நீயும் சேர்ந்துகொண்டு, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் என்று நடந்து, ஆகஸ்ட் 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததையும், பேராலய வாசலில் சந்தோஷமும் துக்கமும் ஒருங்கே வந்து தொண்டையை அடைத்ததையும், மாதாவிடம் வேண்டிக்கொள்ள வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், பக்கத்தில் நிற்பவர்களை நாளைக்குக் காணமாட்டோமே என்ற ஒன்றே நெஞ்சில் நின்றதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். கடைசியில், 'எனக்குப் பக்தி போதவில்லையோ?' என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடிதம்.

பக்தி போதாதவனுக்கு இந்தச் சஞ்சலம் வராது, அப்பா. நீ கடந்துபோன சீர்காழியில்தான், ஏழாம் நூற்றாண்டில், முதியவரான திருநாவுக்கரசர் குழந்தையான சம்பந்தரை முதன்முதலாகச் சந்தித்தார் என்றும், அடியில் விழுந்தவரைக் கைகொண்டு எடுத்து 'அப்பரே' என்று பிள்ளை அழைத்தது என்றும் பெரிய புராணம் சொல்கிறது. பிற்பாடு இருவரும் சேர்ந்தே தலயாத்திரை செய்து, நீ போய் நின்ற வேளாங்கண்ணிக்கும் தெற்கே, அதே கடற்கரையிலுள்ள திருமறைக்காட்டுக்கு, அதாவது நம் வேதாரணியத்துக்கு, வந்து சேர்ந்தார்கள். வேதங்களே பூஜித்துச் சாத்தியதாகச் சொல்லப்படும் திருக்கதவு அங்கே அடைத்துக் கிடந்தது. அப்பர் பதிகம் பாடத் தாமதித்துத் திறந்தது. சம்பந்தர் பாடியவுடனே அடைத்துக்கொண்டது. இதில் என் மனத்தை எப்போதும் நிறுத்தும் இடம் அந்த அற்புதமன்று. திறந்த கதவுக்குள் சென்று ஆனந்தக் கண்ணீரோடு தரிசனம் செய்த அதே அப்பர், மடத்துக்கு வந்து படுத்தபோது, 'நான் பாடத் தாமதித்துத் திறந்த கதவு, பிள்ளை பாடியவுடனே அடைத்ததே, இறைவன் திருவுள்ளத்தை அறியாமல் போனேனே' என்று வருந்தினார். கேட்டது கிடைத்த நாளிலேயே வந்த விசனம் அது! அப்படிப்பட்டவருக்கே வந்தது உனக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன?

அந்த ஊரிலேயே அவர்கள் பிரியவும் நேர்ந்தது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பு மதுரையிலிருந்து வர, கோள்நிலை நன்றாக இல்லை, போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தும், சம்பந்தர் அவரைச் சோழ நாட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மறுபடி சந்தித்தது திருப்பூந்துருத்தியில். அங்கே சம்பந்தர் வந்த சிவிகையைச் சுமந்தவர்களில் ஒருவராக, யாருக்கும் தெரியாமல், அப்பர் இருந்தார். 'அப்பர் எங்கே?' என்று பிள்ளை கேட்ட பிறகே அது வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒருவரைப் பிரிந்து ஒருவர் வாடிக் கிடந்ததாகப் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் சொல்லவில்லை. அவரவர் திருப்பணி அவரவருக்கு இருந்தது.

இனி உன் தோழர்களைப் பற்றி. கடலூர் தாண்டியதும் உன் குதிகால் கொப்புளத்தில் ஊசி நூலை நுழைத்து, நீர் வடிவதற்காக நூலை உள்ளேயே விட்டு, மேலே பழந்துணி கட்டிவிட்ட அந்தப் பெரியவர், பட்டறைத் தொழிலாளி என்பதே உனக்குச் சீர்காழிக்கு அப்பால்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியை நீ சாதாரணமாக எழுதிவிட்டாய். நான் அதிலேயே நெடுநேரம் நின்றேன். ஊரில் நம்மைக் காண்பவர்கள் முதலில் குலத்தையும் உத்தியோகத்தையும் விசாரிக்கிறார்கள். கால் நோகிறதா என்று கேட்பது, கேட்டால், எல்லாவற்றுக்கும் பிறகுதான். நடைபாதையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. நீ இழந்ததாக எண்ணி அழுவது அந்த மனிதர்களை மட்டுமல்ல, அவர்களிடையே நீ எப்படி அறியப்பட்டாயோ அந்த விதத்தையும்தான் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் வாட்ஸப் குழுவில் செய்திகள் குறைந்துகொண்டே வருவதைக் கண்டு யாரையும் நொந்துகொள்ளாதே. அவரவருக்குப் பட்டறையும் குடும்பமும் உண்டு. அந்தப் பெரியவருக்கு மட்டும், குழுவில் அல்லாமல், தனியாக ஒரு கடிதம் உன் கையால் எழுது. கால் ஆறிவிட்டது என்று சொன்னாலே போதும்.

இன்னொன்று. பழனிக்குக் காவடி கொண்டு நடக்கும் நகரத்தார்கள் திரும்பும்போதும் நடந்தே திரும்புகிறார்கள். நீயோ பல நாள் நடந்த தூரத்தைப் பஸ்ஸில் ஒரே இரவில் கடந்து வந்து, மறுநாள் காலையில் உப்பளத்தில் பலகை பிடித்தாய். உடம்பு வந்துவிட்டது, மனம் இன்னும் கொள்ளிடத்துக்கு அப்பால்தான் நடந்துகொண்டிருக்கிறது. உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் நின்று முற்றினால்தான் உப்பு இறங்கும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை அவசரப்படுத்தாத நீ உன் மனத்தையும் அவசரப்படுத்தாதே. சிறிது காலம் வாயடைத்துத் திரிந்தாலும் பாதகமில்லை என்று உன் தாயாருக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

அதே வேதாரணியத்துக்குத்தான் 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு புறப்பட்ட ஏறக்குறைய நூறு தொண்டர்கள் 28-ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்கு யாரும் சோறும் இடமும் கொடுக்கக் கூடாதென்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் தடைபோட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு விலகிப் போனார்கள். உப்பள ஊர்க்காரனான நீ உப்பு அள்ளியவர்களின் பெருமையைக் கேட்டு வளர்ந்திருப்பாய். 30-ஆம் தேதியே ராஜாஜி கைதானதும் உனக்குத் தெரியும். என்னை அதைவிட உருக்குவது, தண்டனைக்கு அஞ்சாமல் அந்தப் பொட்டலங்களைக் கட்டிய, சரித்திரத்தில் பெயரே பதியாத கைகள். அந்த நடையில் ஓர் அடியும் வைக்காமலே அவர்கள் அதற்குள் இருந்தார்கள்.

உன் வீடு இருப்பதும் ஒரு யாத்திரைப் பாதையில்தான். ஒவ்வோர் ஆகஸ்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணி யாத்திரிகர்கள் உங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடையே வெயில் எப்படி அடிக்கும் என்பதும், அந்த நேரத்தில் ஒரு சொம்பு மோர் எப்படி இறங்கும் என்பதும் இப்போது உனக்கு உடம்பாலேயே தெரியும். வருகிற ஆண்டு அங்கே ஒரு தண்ணீர்ப்பந்தல் போடலாமா? மோரும், வெந்நீரும், கொப்புளத்துக்கு ஊசி நூலும், சுத்தமான துணியும் இருந்தால் போதும். விளம்பரத் தட்டி வேண்டாம். செலவில் பாதி என்னுடையது. சாலையோரத்தில் பந்தல் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை நீ விசாரித்து வை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, பேசுவோம். பெரியம்மா உன் காலைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா