ஊற்றியும் ஏன் அழுகியது?

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். போன வருடம் கிழங்கு அழுகலில் கால்வாசிப் பயிர் போய்விட்டது. அதனால் இந்த வைகாசியில் விதை மஞ்சளைக் கார்பெண்டசிம் கரைசலில் நனைத்து, அன்றைக்கே டிரைக்கோடெர்மா விரிடியையும் கலந்து நட்டேன். ஆவணி மழைக்குப் பிறகு பழையபடி இலை ஓரம் மஞ்சளாகிக் காய்கிறது. செடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. உடனே இன்னும் 4 கிலோ டிரைக்கோடெர்மா வாங்கித் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன். பலன் இல்லை. இது உண்மையிலேயே வேலை செய்யுமா, வெறும் மாவைத்தான் விற்கிறார்களா?

— மஞ்சள் விவசாயி, ஈரோடு மாவட்டம்

பதில்: கார்பெண்டசிம் என்று படித்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். கார்பெண்டசிம் பட்டால் அது பிழைக்காது. மஞ்சள் கிழங்கை அழுக வைக்கும் பித்தியம் பார்ப்பதற்குப் பூஞ்சை போல இருந்தாலும் அந்த இனத்தில் சேராது. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். கார்பெண்டசிம் அதை ஒன்றும் செய்யாது. காசு கொடுத்து வாங்கிய காவல்காரன் நட்ட அன்றே செத்துப்போனான், திருடனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது, சேர்க்கக் கூடாது என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

வேலை செய்யுமா என்று கேட்டீர்கள். செய்யும், ஆய்வகத் தட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு ஓரத்தில் பித்தியத்தையும் எதிர் ஓரத்தில் டிரைக்கோடெர்மாவையும் வைத்தால், பித்தியம் வெள்ளைப் பஞ்சாக விறுவிறுவென்று பரவி வரும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அதன் ஓட்டம் நிற்கும். நான்கைந்து நாளில் அந்தப் பஞ்சின் மேலேயே பச்சைப் பொடி படர்ந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், பந்தல் கம்பியில் பாகற்கொடி சுற்றுவதைப் போல டிரைக்கோடெர்மாவின் இழை எதிரியின் இழையைச் சுற்றிக்கொண்டு, நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைப்பது தெரியும். வேறொரு நோய்க்கிருமியான ரைசோக்டோனியாவின் மேல் டிரைக்கோடெர்மா இப்படி ஒட்டுண்ணியாக வாழ்வதை ரிச்சர்ட் வைண்ட்லிங் என்பவர் 1932-லேயே எழுதி வெளியிட்டார்.

ஆனால் தட்டில் இரண்டையும் ஒரே நாளில் வைக்கிறோம். உங்கள் வயலில் நீங்கள் ஊற்றிய அன்றைக்குப் பித்தியம் கிழங்குக்குள் புகுந்து பல நாள் ஆகியிருந்தது. உள்ளே போய்விட்டதைத் துரத்திப் பிடிக்க டிரைக்கோடெர்மாவால் முடியாது. வேரைச் சுற்றி அது முன்பே குடியேறி, அங்குள்ள இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சூடோமோனாஸ் பாக்டீரியாவும் அப்படித்தான். வேரோரத்து இரும்புச்சத்தை எதிரிக்குக் கிடைக்காமல் கவர்ந்துகொள்ளும், செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும். அதற்கும் முன்கூட்டியே நாள் வேண்டும்.

"மாவு" என்ற சந்தேகமும் நியாயமானதே. பொட்டலத்தில் பெரும்பகுதி டால்க் தூள்தான். அதில் ஒட்டியிருக்கும் உயிருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். நம் நாட்டு விதிப்படி டிரைக்கோடெர்மா தூளில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிரணுக்கள் இருக்க வேண்டும். தயாரித்து நான்கைந்து மாதம் ஆனதையும், தகரக் கொட்டகை வெயிலில் கிடந்ததையும் வாங்காதீர்கள். தேதி பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம். நல்ல பொட்டலத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையிலோ உங்கள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள்.

இப்போது வயலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை வடிகால். பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய்த்தான் அடுத்த செடியைப் பிடிக்கின்றன. பாரில் தண்ணீர் நிற்கும்வரை எந்த நுண்ணுயிரும் எந்த மருந்தும் உங்களைக் காப்பாற்றாது. அழுகிய தூர்களை மண்ணோடு தோண்டி வெளியே கொண்டுபோய் அழியுங்கள். வாய்க்காலில் மட்டும் எறிந்துவிடாதீர்கள். குழியிலும் சுற்றியுள்ள செடிகளின் தூரிலும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து ஊற்றுங்கள். நோய் வந்த இடத்தில் ரசாயனம் தேவைப்படுகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து, நோய் எட்டாத பகுதிக்கு டிரைக்கோடெர்மா கொடுக்கலாம்.

அதைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுவதைவிடத் தொழு உரத்தில் வளர்த்துப் போடுவதையே நான் சொல்வேன். ஏக்கருக்கு 1 கிலோ கணக்கு. நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் குவித்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம் காட்டி, நனைத்த சாக்கால் மூடுங்கள். இரண்டு வாரத்தில் குவியலைக் கிளறினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அதை அப்படியே செடியோரம் போட்டு மண் அணைத்துவிடுங்கள். மக்காத சாணத்தில் இது சரிப்படாது.

அடுத்த நடவுக்கு விதை மஞ்சளை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடுங்கள். கார்பெண்டசிம் பக்கமே போகாதீர்கள். அடியுரத்தோடு டிரைக்கோடெர்மா குவியலும் போகட்டும். ஆனால் அந்த நடவு இதே வயலில் வேண்டாம். மஞ்சளோ இஞ்சியோ இல்லாமல் வேறு பயிர் வைத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். தையில் வெட்டும்போது, அழுகல் வந்த மூலையிலிருந்து பார்வைக்கு எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் ஒரு கிழங்கைக்கூட விதைக்கு எடுத்து வைக்காதீர்கள். போன வருட நோய் இந்த வருடம் உங்கள் விதை மஞ்சளில் ஏறி வந்திருக்கவும் இடமுண்டு.