"நல்லா இருக்கு" என்றால் நம்பலாமா?

(பயனர் ஆய்வு: ஓர் அறிமுகப் பாடம்)

எழுதியவர்: எலெக்ட்ரானிக்ஸ் துறை முன்னாள் மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் போன் செய்தார். "அண்ணே, கவிதை ஏகப்பட்டது வந்திருச்சு. வேலைக்கு உதவுற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதன் பெயர் பயனர் அனுபவ ஆய்வு. யூ.எக்ஸ். ரிசர்ச் என்பார்கள். ஒரு கருவியையோ, மென்பொருளையோ, ஒரு விண்ணப்பப் படிவத்தையோ மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள் என்று முறைப்படி கண்டறிந்து, செய்கிறவர்களுக்குச் சொல்லும் வேலை. இதை நான் கற்றது ஒரு தோல்வியில். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பால் சொசைட்டியில் விழுந்த அடி

2009ல் நாங்கள் ஃபைனல் இயர். நாலு பேர் சேர்ந்து ஒரு கிராமத்துப் பால் சொசைட்டிக்கு டிஸ்ப்ளே போர்டு செய்தோம். பால் ஊற்றியதும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, தொகை எவ்வளவு என்று சிவப்பு எண்ணில் பளிச்சென்று காட்டும். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் உயரமாக மாட்டினோம். ஊற்றுகிறவர்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்பது எங்கள் நல்லெண்ணம்.

மாட்டிய அன்றே வந்தவர்களிடம் "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டோம். "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். இருபத்திரண்டு பேரைக் கேட்டோம், இருபத்திரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். "பயனாளிகள் 100 சதவீதம் திருப்தி" என்று ரிப்போர்ட்டில் எழுதி, பைண்டிங் போட்டு, கையெழுத்தும் வாங்கியாயிற்று.

பத்து நாள் கழித்துப் போட்டோ எடுக்கப் போனால், போர்டு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது! செயலாளரைக் கேட்டதற்கு, "அப்படியே இருக்கட்டும்ப்பா" என்றதோடு சரி. வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டார்: "ஜனங்களைக் கேட்டீங்க, சரி. அவங்க பயன்படுத்துறதைப் பார்த்தீங்களா?" நாலு பேரும் தலையைக் குனிந்தோம். மார்க் போட்டு அனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிழை மனிதனுடையதா, கருவியினுடையதா?

இந்தத் துறையின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. அமெரிக்காவின் பி-17 ரக விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானி இறக்கைத் தட்டியை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உட்காரும். "விமானியின் தவறு" என்று எழுதி ஃபைலை மூடினார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கர விசையில் சின்ன ரப்பர் சக்கரமும், தட்டி விசையில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துக்கொண்டது. இந்தத் தவறும் நின்றது.

1947ல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் விமானிகளிடம் பேசியும் எழுதி வாங்கியும் இப்படிப்பட்ட 460 சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒரு விசை என்று நினைத்து இன்னொன்றை இயக்கியது மட்டுமே ஏறக்குறையப் பாதி! ஒருவர் செய்தால் அவர் கவனக்குறைவு என்று சொல்லலாம். ஒரே தவறைப் பலர் செய்தால் கருவியைத்தான் சோதிக்க வேண்டும். நம்ம ஒர்க்ஷாப்பிலும் இதே கணக்குதானே? பத்துப் பையன்கள் ஒரே லேத்தில் ஒரே மாதிரி ஜாபைக் கெடுத்தால், இன்ஸ்ட்ரக்டர் முதலில் லேத்தைத்தானே பார்ப்பார்?

சரி, பாடத்துக்கு வருவோம். அடிப்படை முறைகள் ஐந்து.

முறை 1: இடத்துக்குப் போய்ப் பார்த்தல்

வேலை நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில், ஓரமாக நின்று பார்ப்பது. கண்ணில் பட்டதையும் உங்கள் ஊகத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் "நடந்தது", வலது பக்கம் "நான் நினைப்பது" என்று வைத்துக்கொண்டால் போதும்.

ரிசல்ட் வந்த பிறகு நானும் ஒரு நண்பனும் அந்தச் சொசைட்டிக்குத் திரும்பப் போனோம். செயலாளரிடம் கேட்டு, ஒரு வாரம் மட்டும் போர்டை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தோம். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்தோம். ஊற்றுகிறவர் குனிந்து கேனைக் கவிழ்க்கிறார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்தவர் கேனை வைத்துவிடுகிறார், எண் மாறிவிடுகிறது. ஆக, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நிற்பவர்களுக்கோ நன்றாகத் தெரிகிறது. அவர்கள் சத்தமாக வாசிக்கவும் செய்கிறார்கள்! ஓர் அக்கா மட்டும் எல்லோரும் போகும்வரை தள்ளி நின்று, கடைசியாக வந்து ஊற்றினார். இரண்டாம் நாளும் அதே போல.

முறை 2: நேர்காணல்

பார்த்தால் "என்ன" என்பது தெரியும். "ஏன்" என்று தெரிய உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று விதிகளை மறக்காதீர்கள்.

ஒன்று, அபிப்பிராயம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" வேண்டாம். "கடைசியா எப்ப பயன்படுத்தினீங்க? என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள்.

இரண்டு, பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "இது சுலபமா இருக்குல்ல?" என்று கேட்டால் யார்தான் இல்லையென்பார்கள்? வீடு தேடி வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று நினைப்பது நம் ஜனங்களின் சுபாவம்.

மூன்று, அவர் நிறுத்தியதும் நீங்கள் உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் விஷயம் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். சும்மா மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போர்டு வெச்ச மூணாம் நாள் என் பாலுக்கு மூணு புள்ளி ஒண்ணுன்னு காட்டுச்சு. பின்னாடி நின்னவங்க, 'என்னடி, குழாயைத் திறந்துட்டு வந்தியா?'ன்னு சிரிச்சாங்க. சீமை மாடு தம்பி, கொழுப்பு குறைச்சலாத்தான் வரும். நாலு நாள் சொசைட்டிக்கே போகலை. வீட்டுக்கு வர்ற யாவாரிக்குக் குறைஞ்ச விலைக்கு ஊத்தினேன். அப்புறம் செயலாளரே போர்டைத் திருப்பி வெச்சுக் கூப்பிட்டு விட்டாரு."

எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. முதல் நாள் "நல்லா இருக்கு தம்பி" என்ற இருபத்திரண்டு பேரில் அவரும் ஒருவர். எங்கள் பிராஜக்ட்டின் செலவுக் கணக்கில் அவர் இழந்த நாலு நாள் காசு எந்தப் பக்கத்திலும் இல்லை.

முறை 3: பயன்பாட்டுச் சோதனை

ஒரு வேலையைக் கொடுத்து, செய்யச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்ப்பது. செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். உரக்க யோசித்தல் என்று இதைச் சொல்லலாம். கிளேட்டன் லூயிஸ் என்பவர் 1982ல் ஐ.பி.எம்.மில் இருந்தபோது கணினித் துறைக்கு இதைக் கொண்டுவந்தார். தனியாகப் பேசக் கூச்சப்படுகிறார்களா? இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் 1980களில் நகல் இயந்திரத்தை ஆராய்ந்தபோது அப்படித்தான் செய்தார். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே குறிப்பாகிவிடும்.

இங்கே கஷ்டமான விஷயம், கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். அவர் தப்பான பட்டனை அழுத்தும்போது "அது இல்லைங்க!" என்று நாக்கு துடிக்கும். சொன்னீர்களானால் சோதனை போயிற்று. தொடங்கும் முன்பே "சோதிக்கிறது மெஷினைத்தான், உங்களை இல்லை. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்" என்று சொல்லி, சம்மதம் பெறுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? நீல்சன், லாண்டவர் இருவரும் 1993ல் ஒரு சூத்திரம் தந்தார்கள். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருகிறார் என்றால், n பேர் கண்டுபிடிப்பது 1 – (0.69)ⁿ. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 1 பேர் 31, 3 பேர் 67, 5 பேர் 84 சதவீதம். அதனால்தான் "ஐந்து பேர் போதும்" என்ற பேச்சு வந்தது. ஆனால் 31 என்பது சராசரி மட்டுமே. 2003ல் லாரா ஃபாக்னர் 60 பேரைச் சோதித்து, அதிலிருந்து ஐந்தைந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சில குழுக்கள் 99 சதவீதம் கண்டுபிடித்தன, சில 55தான்! ஆகவே ஐந்து பேரைச் சோதியுங்கள், திருத்துங்கள், வேறு ஐந்து பேரை மறுபடி சோதியுங்கள்.

முறை 4: வினாத்தாள்

நிறையப் பேரிடம் எண்ணிக்கையாகத் தெரிந்துகொள்ள இது உதவும். 1986ல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். என்ற பத்துக் கேள்வித் தாள் இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படைக் கேள்விகள் புகழ்வன: பதிலிலிருந்து 1ஐக் கழிக்கவும். இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்வன: 5லிருந்து பதிலைக் கழிக்கவும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கவும்.

உதாரணம்: ஒருவரின் பதில்கள் 4, 2, 4, 3, 3, 2, 5, 2, 4, 2. ஒற்றைப்படையில் 3+3+2+4+3 = 15. இரட்டைப்படையில் 3+2+3+3+3 = 14. கூட்டினால் 29, 2.5ஆல் பெருக்க 72.5. இது சதவீதம் அல்ல, கவனம்! பல ஆய்வுகளின் சராசரி 68 என்பதால், இது சராசரிக்குச் சற்று மேல். எங்கே குறை என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு முறை 1, 2, 3தான்.

முறை 5: ஒப்பிட்டு அளத்தல்

கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. போனில் மேல் வரிசை 1, 2, 3. கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பட்டன்களைப் பலவித அமைப்புகளில் வைத்து, ஆட்களை எண் அழுத்தச் சொல்லி, நேரம், பிழை, விருப்பம் மூன்றையும் அளந்தார்கள். 1960ல் அந்த முடிவுகள் வெளியாயின. 1963ல் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போனிலும் அதே வரிசைதான்.

இந்த முறையில் ஒரு எச்சரிக்கை. முதல் மாடலை எல்லோருக்கும் முதலில் கொடுத்தால், இரண்டாவதைத் தொடும்போது கை பழகியிருக்கும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள்.

குறிப்பிலிருந்து முடிவுக்கு

சேர்த்த குறிப்புகளை என்ன செய்வது? ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு செய்தி. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒன்றுக்கொன்று சேருவதைக் கூட்டமாக்குங்கள். தலைப்பு கடைசியில்தான் வைக்க வேண்டும். ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா வகுத்த முறை இது. எங்கள் துண்டுகளில் பெரிய கூட்டத்துக்கு நாங்கள் வைத்த தலைப்பு: "என் எண் எனக்கு மட்டும்."

அதன்படி ஒரு சனிக்கிழமை போர்டைக் கழற்றி, கவுண்டருக்கு உள்ளே தாழ்வாக, ஊற்றுகிறவர் கண்ணுக்கு மட்டும் படும்படி மாட்டினோம். அடுத்த கேன் வைத்த பிறகு, பட்டனை அழுத்தினால்தான் எண் மாறும்படி புரோகிராமைத் திருத்தினோம். மார்க் எல்லாம் முன்பே வந்துவிட்டது, இதற்கு ஒன்றும் கிடையாது. அந்த அக்கா வரிசையில் நடுவில் நின்றதைப் பார்த்தோம். அது போதும் என்று தோன்றியது. இந்த முறை யாரிடமும் "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை.

வேலைக்கு எப்படித் தயாராவது?

டிப்ளமோ முடித்ததும் நேராக இந்த வேலை கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். நானும் சர்வீஸ் சென்டரில் இருந்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேருகிறவர்களும் இப்போதே தொடங்கலாம். நாலு வாரப் பயிற்சி ஒன்று சொல்கிறேன்.

முதல் வாரம்: நம் கேன்டீன் டோக்கன் வரிசையையோ, போனஃபைடு சான்றிதழ் விண்ணப்பத்தையோ எடுத்துக்கொண்டு வெறுமனே பாருங்கள். இரண்டாம் வாரம்: அதைப் பயன்படுத்திய ஐந்து பேரிடம் "கடைசியா என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். மூன்றாம் வாரம்: துண்டுக் காகிதம் பரப்பி, படிவத்தைத் திருத்தி எழுதி, புதிதாக ஐந்து பேரை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். நான்காம் வாரம்: கேட்ட கேள்வி, செய்த முறை, கண்டது, மாற்றியது, இன்னும் தெரியாதது என்று நாலு பக்கம் எழுதுங்கள். இன்டர்வியூவில் சர்டிபிகேட்டை விட இந்த நாலு பக்கத்தைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள். பெயர்களை மட்டும் எழுதாதீர்கள். நம்பிச் சொன்னவரின் பேச்சு ஊர் வாயில் விழக்கூடாது. அது எப்படிப்பட்ட வலி என்று அந்தத் திண்ணையில் கேட்டவன் நான்.

வெர்னியர் பிடிக்கும் முன் ஜீரோ எர்ரர் பார்க்கச் சொல்லித் தந்தது இந்தக் கல்லூரி. மனிதர்களிடம் போகும்போதும் அப்படித்தான். நமக்குள் இருக்கும் ஜீரோ எர்ரர், "நான் செய்தது நன்றாகத்தான் இருக்கும்" என்ற நினைப்பு. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்!