மென்தோல் குழந்தைக்கு ஏற்ற டயப்பர்

கேள்வி: ஆறு மாதக் குழந்தைக்கு டயப்பர் அணிவித்தால் தோல் சிவந்துவிடுகிறது. எத்தகையதை வாங்கலாம்?

பதில்: இத்தோல் அழற்சிக்கு ஈரமும் உராய்வுமே முதன்மைக் காரணங்கள். சிறுநீர் தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குறைப்பதால், மலத்திலுள்ள நொதிகள், அதாவது புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் செரிமானப் பொருள்கள், வீரியம் பெற்று மேல்தோலை அரிக்கின்றன. ஆகவே, நீரை உறிஞ்சிக் கூழாக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் கொண்டதும், காற்றோட்டமான வெளியுறை உடையதும், நறுமணமும் சாயமும் சேராததுமான டயப்பரைக் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் தேர்ந்தெடுப்பது நலம். எவ்வகையாயினும், மலம் கழித்தவுடனும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் அதை மாற்றி, வெதுவெதுப்பான நீரால் கழுவி, தோலை உலரவிட்டுத் துத்தநாக ஆக்சைடு களிம்பு பூசுவது தக்கது. தொடை மடிப்புகளில் அடர்சிவப்பும் அதைச் சுற்றிச் சிறு புள்ளிகளும் தோன்றினால், அது கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.