ஆடுவோரும் ஆள்வோரும்

பந்து ஒன்றும் வெளி ஒன்றும் இருப்பின் ஏழையும் செல்வனும் ஒருங்கே ஆடத்தக்கது கால்பந்தாட்டம். அதனை உலகளவில் ஆளும் ஃபிஃபா என்னும் கழகம் 1904-ஆம் ஆண்டு பாரிசு நகரில் தோன்றியது. அதன் பெயர் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆயதென்பது புதுவையில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும்.

2020-இல் வெளிவந்த ‘எல் பிரசிடெண்டே’ என்னும் தொடர்நாடகம் இவ்வாட்டத்தை ஆள்வோரின் சீர்கேட்டைப் பொருளாகக் கொண்டது. சிலி நாட்டின் சிறு சங்கமொன்றின் தலைவராயிருந்த செர்கியோ ஹாதுவே என்பார், நாட்டுக் கால்பந்துத் தலைமையை எய்திக் கைக்கூலியில் ஆழ்ந்த உண்மை வரலாற்றை அது புனைவு கலந்து காட்டுகின்றது. 2015 மே 27-இல் சூரிக்கு நகரில் கால்பந்து அதிகாரிகள் எழுவர் சிறைப்பட்டனர். கைம்மாறிய பணம் 15 கோடி டாலருக்கு மேற்பட்டதென அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டிற்று.

இவை கடல்கடந்த செய்தியென நாம் வாளா இருத்தலாகுமோ? நம் நாட்டு நிகழ்ச்சியொன்றை ஆராய்வோம். இங்கு எழுந்த வினா கைக்கூலி பற்றியதன்று, பதவிக்காலம் பற்றியது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிருவாகிகளுக்குரிய காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. விதித்தொகுதி பற்றிய வழக்கு முடிவுறாமையைக் காட்டி அவர்கள் தேர்தலின்றி நீடித்தனர். 2022 மே 18-இல் உச்சநீதிமன்றம் அவர்களை நீக்கி, மூவர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பிறர் தலையீடு கூடாதென்னும் தன் விதியைக் காட்டி, ஃபிஃபா ஆகஸ்டு நடுவில் கூட்டமைப்பை விலக்கிவைத்தது.

இரு விதிகளுக்கிடையே நசுங்கினோர் ஆடுவோரே. நம் மாகிக்கு அணித்தாகிய கோழிக்கோட்டைச் சார்ந்த கோகுலம் கேரள மகளிர் அணியினர், இந்திய மகளிர் லீக்கில் வாகை சூடி, ஆசியச் சங்கங்களின் போட்டிக்காகத் தாஷ்கெண்டு சென்றிறங்கியிருந்தனர். ஓராட்டமும் ஆடாது மீண்டனர். அக்டோபரில் இந்தியாவில் நிகழவிருந்த பதினேழு வயதிற்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பையும் ஊசலாடிற்று. நீதிமன்றம் குழுவைக் கலைத்தபின், ஆகஸ்டு 26-இல் தடை நீங்கவே உலகக்கோப்பை தப்பிற்று. கோகுலத்தார் இழந்த வாய்ப்போ மீளவில்லை. ஆள்வோர் செய்த காலத்தாழ்வுக்கு அம்மகளிர் தண்டம் இறுத்தனர்.

இதனால் நாம் அறிவது யாது? தன்னாட்சி ஆட்டத்திற்கு அரணாதல் வேண்டும். ஆள்வோர்க்கு மறைவிடமாதல் கூடாது. உரிய காலத்தில் தேர்தலும், யாவரும் காணத்தக்க கணக்கும் உடைய கழகத்தில் பிறர் புகுதற்கு இடமேது? வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ எனத் தனியதிகாரம் வகுத்தது, வினைக்குரியாரை ஆராய்ந்தே அமர்த்தல் வேண்டும் என்பதற்கன்றோ? கல்லூரி மன்றங்களுக்குத் தலைவரைத் தேரும் நாமும் இதனை நெஞ்சிற் கொள்வோமாக. ஆண்டுக்கணக்கைக் கேட்கும் மாணவனை ஆட்டத்தின் பகைவனென எண்ணாது, அதன் காவலனென மதிப்போமாக.